தொப்பியைப் பிடிக்கும் புரதம்

ஈஐஎஃப்-4ஈ என்ற மனிதப் புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் உண்டாக்குவது ஒன்றும் கடினமில்லை. வளர்ப்புக் குடுவையில் கொட்டிக் கொடுக்கும். அதை வெளியே எடுத்து, மடிப்பு குலையாமல், வேலை செய்யும் நிலையில் அடுத்தவர் கையில் சேர்ப்பதில்தான் இந்தத் தொழிலின் பாடு முழுவதும் இருக்கிறது. சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில், பயோபோலிஸ் என்னும் ஆய்வு வளாகத்தில், இந்தப் புரதத்தையும் இதன் உறவுக்காரப் புரதங்களையும் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. ஆய்வுக் கட்டுரைகளில் செய்முறைப் பகுதியில் பொடி எழுத்தில் நாலு வரியாக முடிந்துவிடும் வேலை. அந்த நாலு வரி பிசகினால் மேலே இருக்கும் படங்களும் முடிவுகளும் நிற்காது. அதைப் பலமுறை கண்ணால் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

புரதம் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரபணுவிலிருந்து எடுக்கப்படும் படிக்கு எம்ஆர்என்ஏ என்று பெயர். தடுப்பூசிக் காலத்துக்குப் பிறகு இந்தப் பெயர் எல்லா வீடுகளிலும் புழங்குகிறது. அந்த இழையின் முன்முனையில் மீதைல் ஏறிய குவானைன் ஒன்று தலைகீழாகப் பிணைந்திருக்கும். அதைக் ‘கேப்’ என்பார்கள், தொப்பி. ரைபோசோம் தானாக வந்து இழையில் ஏறிவிடாது. முதலில் ஃபோர்-ஈ, எங்கள் ஆய்வகத்தில் இதை இப்படித்தான் சுருக்கிச் சொல்வோம், அந்தத் தொப்பியைப் பிடிக்க வேண்டும். 4ஜி என்ற நீண்ட புரதம் ஃபோர்-ஈயின் முதுகுப் பக்கத்தைப் பற்றிக்கொள்ளும். அதோடு வரும் 4ஏ, இழையில் விழுந்திருக்கும் சுருக்குகளைப் பிரித்துவிடும். அப்புறம்தான் ரைபோசோமின் சிறுபாதி வந்து ஏறி, இழை நெடுகத் தேடிக்கொண்டே போய், ஏயூஜி என்ற தொடக்கக் குறியில் நிற்கும். பெரும்பாதி வந்து சேர்ந்ததும் அமினோ அமிலங்கள் கோக்கப்படும்.

1975 வாக்கில் தொப்பியின் அமைப்பு தெளிவானது. அந்தப் பணியில் முன்னின்றவர்களில் ஒருவர் ஆரோன் ஷாட்கின். அவருடைய ஆய்வகத்தில் இருந்த நாஹும் சோனன்பர்க், 1978இல் தொப்பியோடு மட்டும் ஒட்டும் ஒரு சிறு புரதத்தை அடையாளம் காட்டினார். அடுத்த ஆண்டே, தொப்பியின் மாதிரியை நுண்மணிகளில் பிணைத்து, அந்த மணிகளால் புரதத்தைத் தூண்டில் போட்டு எடுத்தார்கள். அப்போது மூலப்பொருள் முயலின் இளம் சிவப்பணுக்கள். எவ்வளவு இரத்தம், எவ்வளவு குறைந்த விளைச்சல் என்று நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது. மனித இன்சுலினைப் பாக்டீரியாவில் செய்துகாட்டியதும் அதே 1978தான். அந்த வழி ஃபோர்-ஈக்கும் வந்து சேர்ந்த பிறகு முயலின் தேவை போயிற்று; புதிய தொல்லைகள் வந்தன.

பயோபோலிஸ் 2003இல் திறக்கப்பட்டது. முதல் ஏழு கட்டடங்களுக்கு நானோஸ், ஜீனோம், ஹீலியோஸ், குரோமோஸ், புரோட்டியோஸ், மேட்ரிக்ஸ், சென்ட்ரோஸ் என்று பெயர். மாடிகளில் இணைப்புப் பாலங்கள் உண்டு; மழையில் நனையாமல் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு நடக்கலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருப்பதால் இந்தப் பகுதிக்கே ஒன்-நார்த் என்று பெயர் வைத்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்து நான் இங்கே வந்தபோது, டாங்ளின் ஹால்ட்டில் 1960களில் கட்டிய பத்து மாடி வீடு ஒன்றில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. ஹால்ட் என்றால் ரயில் நின்று போன இடம்தான். மலாயா ரயில்வேயில் வேலை செய்த நம் ஆட்கள் 1932இல் தண்டவாளத்தை ஒட்டித் தொடங்கிய முனீஸ்வரன் கோயில் இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிதாக எழும்பி நிற்கிறது. 2011இல் ரயில் நின்றுவிட்டது. தண்டவாளம் ஓடிய நிலம் நடைபாதையாயிற்று. காலையில் அந்தப் பாதையோரமாக நடந்து வேலைக்குப் போவேன். அந்தக் குடியிருப்புகளில் பெரும்பகுதியை மறுகட்டமைப்புக்கு எடுத்துக்கொள்வதாக 2014இல் அறிவித்தார்கள். பிறகு நானும் வேறு இடம் பார்த்துப் போக வேண்டியிருந்தது. ஆனாலும் இந்த வட்டாரத்தை விட்டு வெகுதூரம் போக மனம் வரவில்லை.

சிட்னி பிரென்னரை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1961இல் பிரான்சுவா ஜாக்கோப், மேத்யூ மெசெல்சன் இருவரோடும் சேர்ந்து, ரைபோசோமுக்குச் செய்தி கொண்டுபோகும் தற்காலிக ஆர்என்ஏ ஒன்று உண்டு என்று நிறுவியவர். 1980களிலிருந்தே சிங்கப்பூர் அரசுக்கு ஆலோசகர். 1985இல் நிறுவப்பட்ட மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கென்ட் ரிட்ஜில் இருந்த அந்தக் கழகம்தான் பிறகு புரோட்டியோஸுக்கு வந்தது. 2019 ஏப்ரலில் சிங்கப்பூரிலேயே காலமானார். எம்ஆர்என்ஏ என்ற கருத்தை உலகுக்குத் தந்தவர்களில் ஒருவர் உலவிய வளாகத்தில் நின்று, அந்த எம்ஆர்என்ஏயின் தலையைப் பிடிக்கும் புரதத்தைச் செய்கிறோம் என்பது எனக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை. தயாரிப்பு சொதப்பி எரிச்சலாக இருக்கும் நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன்.

என்னைப் பழக்கியவர் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் அக்கா. கென்ட் ரிட்ஜ் காலத்திலிருந்தே ஆய்வக வேலையில் இருந்தவர். பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் உள்ள இடத்தில் நான் மட்டும் அக்கா என்பேன். அவரும் தம்பி என்பார். முதல்நாள் அவர் சொன்னது: “தம்பி, பாக்டீரியாவுக்கு நம்ம ஆராய்ச்சியப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதுக்குத் தேவையில்லாத புரதத்த நாம திணிக்கிறோம். அது மூட்டை கட்டி மூலையில போட்டுடும். அத அவுக்கிறதுதான் நம்ம வேல.”

அப்படியேதான் நடக்கும். மனித மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிட் என்ற வளையத்தை ஈ. கோலி பாக்டீரியாவில் ஏற்றி, 37 டிகிரியில் குலுக்கி வளர்ப்போம். குழம்பு ஓரளவு கலங்கியதும் ஐபிடிஜி என்ற தூண்டியைச் சேர்த்தால் பாக்டீரியா மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு நம் புரதத்தைச் செய்யத் தொடங்கும். மூன்று, நான்கு மணி நேரத்தில் அறை முழுக்க அந்தக் காட்டமான வளர்ப்பு வாடை. இந்தத் துறையில் பழகியவருக்கு அந்த வாடையே எல்லாம் சரியாகப் போகிறது என்று சொல்லிவிடும். ஆனால் அவ்வளவு வேகமாகச் செய்யப்படும் ஃபோர்-ஈயால் முறையாக மடிய முடிவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாக உள்ளே தங்கிவிடும். அவற்றை இன்குளூஷன் பாடி என்போம். உயிரணுக்களை உடைத்து, சுழல்பொறியில் இறக்கினால் வெள்ளை வண்டலாக அடியில் படியும். அந்த வண்டலில் பெரும்பங்கு நம் புரதம்தான். ஆனால் உருக்குலைந்த புரதம்.

வெப்பத்தை இறக்கி 16, 18 டிகிரியில் மெல்ல வளர்க்கலாம். எளிதில் கரையும் வேறொரு புரதத்தை முன்னால் ஒட்டிவைத்தும் செய்யலாம். இரண்டு வழியிலும் கரைந்த ஃபோர்-ஈ கொஞ்சம் கிடைக்கும். நிறையத் தேவைப்படும்போது வண்டலிலிருந்து மீட்பதே மேல். டிரைட்டன் என்ற சோப்புப் பொருள் கலந்த கரைசலில் வண்டலைத் திரும்பத் திரும்பக் கழுவி, பாக்டீரியாவின் சவ்வுக் கழிவை நீக்க வேண்டும். இந்தக் கழுவலில் அவசரப்படுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இங்கே தங்கிவிடும் அழுக்கு கடைசிவரை கூடவே வரும். பிறகு 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் கரைப்போம். குவானிடின் புரதத்தின் மடிப்புகளை எல்லாம் பிரித்து வெறும் சரமாக்கிவிடும். அந்தச் சரத்தை மறுபடி மடிய வைக்க வேண்டும்.

இந்த மறுமடிப்பில்தான் பல ஆண்டுகளாக என் கவனமெல்லாம். புரதத்தை மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்கு நீர்த்துவைத்துக்கொண்டு, குளிர் அறையில் பத்து மடங்கு மடிப்புக் கரைசலுக்குள் சொட்டுச் சொட்டாக விடுவோம். கரைசலில் ஹெப்பஸ், பி.ஹெச். 7.6; கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு; பத்து சதவீதம் கிளிசரால்; சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிடாமல் காக்க டைத்தயோத்ரீட்டால். நீர்ப்பு அதிகம் இருந்தால் ஒரு சரம் இன்னொரு சரத்தைச் சந்திக்கும் முன்பே தனக்குள் மடிந்துகொள்ள நேரம் கிடைக்கும். கையைக் கொஞ்சம் வேகமாக விட்டால் கண்ணெதிரே பால்போல் வெளுத்துப்போகும். வெளுத்ததைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. சோம்பலாகக் கிளறினால் சொட்டு விழுந்த இடத்தில் செறிவு கூடிவிடும். மூர்க்கமாகக் கிளறினால் நுரை தட்டும், நுரையில் புரதம் சிதையும். குளிர் அறையில் ஸ்வெட்டரோடு நின்று இதைச் செய்யும்போது அக்கா கடிகாரத்தைப் பார்க்கவே விடமாட்டார். “சொட்டப் பாரு தம்பி. மணியப் பாக்காத.”

மறுநாள் வீழ்படிவை நீக்கி, செறிவாக்கி, உப்பை மாற்றி, மின்னேற்றத்தைக் கொண்டு புரதங்களைப் பிரிக்கும் மோனோ-கியூ நிரலில் ஏற்றுவோம். உப்பின் அளவை மெல்லக் கூட்டிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் ஃபோர்-ஈ கழன்று வரும். நிரலை ஓட்டும் ஆக்டா பொறியின் திரையில் அது ஒரு மேடாக எழும்பும். அதில் கொஞ்சம் எடுத்து ஜெல்லில் ஓட்டிக் கூமாசி சாயம் ஏற்றினால் 25 கிலோ டால்டனில் ஒரே ஒரு நீலக்கோடு. படம் எடுத்து ஒட்டிவிடலாம். பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நான் சொல்ல வந்ததே இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அந்த நீலக்கோடு சொல்வது ஒன்றே ஒன்று: வேறு புரதம் கலக்கவில்லை. ஜெல்லில் ஏற்றுமுன் கொதிக்கவைத்து மடிப்பைப் பிரித்துவிடுகிறோம். அதனால் சரியாக மடிந்த ஃபோர்-ஈயும் தவறாக மடிந்ததும் அங்கே ஒரே இடத்தில் ஓடும். தொப்பியைப் பிடிக்குமா பிடிக்காதா என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஃபோர்-ஈயின் 217 அமினோ அமிலங்களில் எட்டு டிரிப்டோஃபேன்கள். இவ்வளவு சிறிய புரதத்துக்கு இது அதிகம். அவற்றில் 56ஆம் இடத்திலும் 102ஆம் இடத்திலும் இருக்கும் இரண்டும் தொப்பியை நடுவில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையே காசை அழுத்திப் பிடிப்பது போலப் பிடித்துக்கொள்கின்றன. 1997இல் வெளிவந்த எலியின் ஃபோர்-ஈ படிக அமைப்பு இதைத் துலக்கிக் காட்டியது. தொப்பி இல்லாத நேரத்தில் அந்த இரண்டும் இருக்கும் வளைவுகள் நிலைகொள்ளாமல் ஆடும். அதனால் வெறும் ஃபோர்-ஈ எளிதில் குலையும், வீழ்படிவாகும்.

இதற்கு ஒரு சுலபமான மாற்று உண்டு. தொப்பி மாதிரியைப் பிணைத்த அகரோஸ் மணிகளில் புரதத்தை ஏற்றினால், சரியாக மடிந்தது மட்டும் ஒட்டும், மற்றது ஓடிவிடும். பிறகு தொப்பி மாதிரியைத் தனியாக ஊற்றினால் ஃபோர்-ஈ மணியை விட்டு அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். அழகான வழி, சோனன்பர்க் காட்டியதும் இதுதான். ஆனால் வரும் புரதத்தின் குழியில் தொப்பி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. 4ஜி ஒட்டும் முதுகுப் பக்கத்தை ஆராய்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. புரதம் நிலையாக இருக்கும் என்பதால் நல்லதுகூட. தொப்பிக் குழியை அடைக்கும் மருந்தைத் தேடுபவருக்கோ அது பயனற்றது. இருக்கை ஏற்கெனவே நிறைந்திருக்கும் புரதத்தில் புதிய மூலக்கூறு எங்கே உட்காரும்? அதனால் யார் வந்து ஃபோர்-ஈ கேட்டாலும், எதற்கு என்று நான் கேட்டாக வேண்டும். சிலருக்கு இது பிடிப்பதில்லை. ஒரு மில்லிகிராம் கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே என்பார்கள்.

வெளியிலிருந்து வாங்கிய குப்பி ஒன்றால் பக்கத்து ஆய்வகத்தில் பெரிய குழப்பம் வந்தது. விற்பனைக்கு வரும் புரதங்கள் மைக்ரோகிராம் கணக்கில் குட்டிக் குப்பிகளில் வரும். தூய்மை 90 சதவீதத்துக்கு மேல் என்று தாளில் போட்டிருக்கும். அந்தக் குப்பியின் தாளிலும் அப்படித்தான். அதை வைத்துச் சோதித்தபோது, மற்ற இடங்களில் நன்றாக ஒட்டிய ஒரு சேர்மம் இங்கே பலவீனமாகத் தெரிந்தது. சேர்மத்தைக் கைவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. அந்த மாணவி என்னிடம் வந்து, “அண்ணே, கோடு சுத்தமா இருக்கே, அது போதாதா?” என்றாள். குப்பியை வாங்கித் தொப்பியோடு அளந்து பார்த்தோம். அதில் பாதிக்கும் குறைவான புரதமே தொப்பியைப் பிடித்தது. தாளில் பொய் ஒன்றும் இல்லை. தூய்மையைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தார்கள்; செயல்திறனைப் பற்றிச் சொல்லவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. சேர்மம் தப்பித்தது.

எப்படி அளப்பது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வசதி உள்ள எந்த ஆய்வகமும் ஒரு பிற்பகலில் செய்துவிடக்கூடியது. டிரிப்டோஃபேன் மீது 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அது ஒளிரும். தொப்பி உள்ளே வந்து உட்கார்ந்ததும் அந்த ஒளிர்வு மங்கும். புரதத்தின் அளவை நிலையாக வைத்துக்கொண்டு தொப்பி மாதிரியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பிடிப்பு மிக இறுக்கமானது என்பதால், புரதம் ஒரு மைக்ரோமோலார் இருக்கும்போது தொப்பி ஏறக்குறைய சேர்க்கச் சேர்க்கக் குழிக்குள் போய்விடும். எல்லாக் குழிகளும் நிறைந்த இடத்தில் மங்குவது நின்று கோடு திரும்பும். அது 0.6 மைக்ரோமோலாரில் திரும்பினால் நம்மிடம் உள்ளதில் 60 சதவீதம்தான் உருப்படியான புரதம். தொப்பி மாதிரியும் அதே ஒளியை உறிஞ்சும் என்பதால் அதற்குத் திருத்தம் போட மறக்கக் கூடாது. வார்சா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டார்ஜிங்கியேவிச்சோடு வேலை செய்த குழு 2002இல் வெளியிட்ட அளவீடுகளில், செயல்படும் புரதத்தின் அளவையே கணக்கில் ஓர் அறியப்படாத எண்ணாக வைத்துத் தீர்த்திருந்தார்கள். என் தொழிலில் அதைவிட நேர்மையான ஒரு சமன்பாட்டை நான் பார்த்ததில்லை. தன் கையால் தயாரித்தது முழுக்க நல்லது என்று எடுத்துக்கொள்ளாமல், எவ்வளவு நல்லது என்று தரவிடமே கேட்ட செயல் அது.

இந்த அக்கறை ஏன் தேவை என்பதற்கு ரிபாவிரின் விவகாரம் இருக்கிறது. வைரஸ் மருந்தான ரிபாவிரின் தொப்பியைப் போல நடித்து ஃபோர்-ஈயில் ஒட்டுகிறது என்று 2004இல் ஒரு குழு எழுதியது. ஒட்டவில்லை என்று 2005இல் வேறு குழுக்கள் எழுதின. ஒட்டுகிறது என்ற தரப்பு இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கும் அளவுக்கும் போனது. இதில் யார் சரி என்று தீர்ப்பு எழுதும் தகுதி எனக்கில்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளை நான் வாசிக்கும்போது முதலில் செய்முறைப் பகுதிக்குத்தான் போகிறேன்: எந்த ஃபோர்-ஈ, எப்படி மடித்தார்கள், முன்னால் என்ன ஒட்டியிருந்தது, எவ்வளவு செயல்பட்டது. ஒரு நோயாளியின் உடலுக்குள் போகும் முடிவு எங்கோ ஒரு குளிர் அறையில் சொட்டு விழுந்த விதத்திலிருந்து தொடங்கலாம்.

புற்றுநோயோடு ஃபோர்-ஈக்கு உள்ள தொடர்பு பழையது. 1990இல் சோனன்பர்க் குழுவினர், சாதாரண எலி உயிரணுக்களில் ஃபோர்-ஈயை மிகுதியாக்கினாலே அவை புற்றுத்தன்மை அடைகின்றன என்று காட்டினார்கள். 2015இல் கலிஃபோர்னியாவில் டேவிட் ருஜெரோவின் குழு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஃபோர்-ஈ பாதியாகக் குறைந்த எலிகள் இயல்பாக வளர்கின்றன. ஆனால் புற்றாக மாறுவதை அவற்றின் உயிரணுக்கள் எதிர்க்கின்றன. நல்ல உயிரணுவுக்குப் பாதி போதும், கெட்டதற்கு முழுவதும் வேண்டும் என்றால் மருந்து தேடுபவர்கள் விடுவார்களா? மிளகாய்ச் செடியிலும் ஃபோர்-ஈக்கு ஒரு கதை உண்டு. சில மிளகாய் வகைகள் ஒரு வைரஸ் குடும்பத்துக்கு மசியாமல் நிற்பதற்குக் காரணம், அவற்றின் ஃபோர்-ஈயில் உள்ள சிறு மாற்றம் என்று 2002இல் தெரியவந்தது. வைரஸ் பிடித்துக்கொள்ளத் தேடும் கொக்கி அங்கே சரியாக அமையவில்லை. ஊரில் மிளகாய் போடும் சித்தப்பாவிடம் என் வேலையை விளக்க இந்த ஒன்றுதான் உதவியது.

இங்கே பயோபோலிஸில் p53 என்ற ஆய்வகமும் உயிர்த்தகவலியல் கழகமும் சேர்ந்து ஃபோர்-ஈயின் முதுகுப் பக்கத்தைக் குறிவைத்தன. டேவிட் லேன், சந்திரா வர்மா, கிறிஸ்டோபர் பிரவுன் ஆகியோர் பெயர்களை அந்தக் கட்டுரைகளில் பார்க்கலாம். 4ஜி புரதம் ஃபோர்-ஈயைப் பற்றும் இடம் குட்டியானது: ஒரு டைரோசின், நடுவில் எவையேனும் நான்கு, பிறகு ஒரு லூசின், அடுத்து நீரை விலக்கும் ஓர் அமினோ அமிலம். அந்தத் துண்டை மட்டும் செயற்கையாகச் செய்து, அதன் திருகு அவிழாமல் கார்பன் சங்கிலியால் தைத்துவிட்டால் 4ஜிக்குப் போட்டியாக அது போய் ஒட்டும். எங்கே தைப்பது என்பதைக் கணினியில் மூலக்கூறுகளை அசையவிட்டுப் பார்த்துத் தேர்ந்து, 2013இல் வெளியிட்டார்கள். 2022இல் அதே குழு, உயிரணுவுக்குள்ளேயே ஃபோர்-ஈயின் தொப்பிக் குழியைப் போய் அடைக்கும் எதிர்ப்பொருள் துண்டு ஒன்றையும் உருவாக்கிக் காட்டியது. ஒவ்வொரு அடியிலும் தொட்டுப் பார்க்கச் சுத்தமான, உருப்படியான ஃபோர்-ஈ வேண்டும். கணினி எவ்வளவு சரியாகச் சொன்னாலும் குப்பியில் இருப்பது ஆமோதிக்க வேண்டும்.

படிக அமைப்பு எது வந்தாலும் அது சரியா என்று பார்க்க இன்றும் உலகம் முழுவதும் போடுவது ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஜி. என். ராமச்சந்திரன் தன் சகாக்களோடு 1963இல் வெளியிட்டது. புதிதாக வரும் சீன, ஐரோப்பிய மாணவர்கள் அந்தப் பெயரைத் தட்டுத் தடுமாறி உச்சரிக்கும்போது திருத்திக் கொடுப்பது எனக்குப் பிடித்த வேலை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ரைபோசோமின் அமைப்புக்காக 2009இல் நோபெல் பெற்றார் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். 2020இல் அவருடைய கேம்பிரிட்ஜ் குழு, தொடக்கக் காரணிகளோடு சேர்ந்து நிற்கும் மனித ரைபோசோமின் சிறுபாதியைக் குளிர் மின்னணு நுண்ணோக்கியில் படமாக்கியது அவ்வளவாகப் பேசப்படவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிய செய்தி. தனித்தனியாக நாங்கள் குப்பியில் அடைக்கும் காரணிகள் உண்மையில் எங்கே நிற்கின்றன என்று அந்தப் படத்தில் பார்க்கலாம். அதை அச்செடுத்து ஆக்டா பொறிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

2020 டிசம்பர் 30இல் சிங்கப்பூரில் கோவிட் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். என் முறை வந்து ஊசி போட்டுக்கொண்ட அன்று, செலுத்தப்பட்ட எம்ஆர்என்ஏயின் தலையிலும் அதே தொப்பிதான் என்பதும், என் தோள் தசையில் உள்ள ஃபோர்-ஈ அதைப் பிடித்தால்தான் தடுப்பூசி வேலை செய்யும் என்பதும் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “உள்ள போயி என்ன செய்யுதுன்னு யாருக்குத் தெரியும் தம்பி?” என்றார். காத்திருக்கச் சொன்ன நேரம் முழுக்க அவருக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டார்.

இப்போது என்னிடமிருந்து போகும் ஒவ்வொரு குப்பியோடும் ஒரு தாள் போகும். முழுநீளப் புரதமா, முன்னால் ஆடிக்கொண்டிருக்கும் வாலை நறுக்கியதா. ஒட்டுத் துண்டு ஏதும் மிச்சமிருக்கிறதா. குழியில் தொப்பி இருக்கிறதா, இல்லையா. செயல்படுவது எத்தனை சதவீதம், எந்த நாளில் அளந்தது. திரவ நைட்ரஜனில் உறையவைத்துச் சிறு சிறு பங்குகளாகத்தான் தருவேன். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது என்று தமிழ் தெரிந்த மாணவர்களுக்குத் தமிழிலும், மற்றவர்களுக்கு ஆங்கிலத்திலும் சொல்லி அனுப்புவேன்.

அண்மையில் வந்த கோரிக்கை சிக்கலானது. ஃபோர்-ஈயின் 209ஆம் இடத்தில் இருக்கும் செரினில் எம்என்கே என்ற நொதி பாஸ்பேட் ஏற்றுகிறது. அந்த நொதியைத் தடுக்கும் ஈடிசி-206 என்ற மருந்து இந்த வளாகத்தில் உருவாகி 2017இல் மனிதச் சோதனைக்குப் போனது. பாஸ்பேட் ஏறிய ஃபோர்-ஈ தொப்பியை எப்படிப் பிடிக்கிறது என்று ஒருவர் அளக்க விரும்புகிறார். ஈ. கோலியில் எம்என்கே கிடையாது. அதில் செய்யும் எந்த ஃபோர்-ஈயிலும் அந்தப் பாஸ்பேட் இருக்காது. செரினுக்குப் பதிலாக ஆஸ்பார்டிக் அமிலத்தை வைத்துப் பாஸ்பேட் போலப் பாவிக்கலாம் என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மின்னேற்றமும் பருமனும் ஒத்துவராது. வார்சாக் குழு 2003இல் செய்ததுபோல, வால்பக்கம் நறுக்கிய புரதத்தோடு பாஸ்பேட் ஏறிய செயற்கைத் துண்டை ஒட்டுவது ஒரு வழி. எம்என்கேயையும் நாமே செய்து சோதனைக் குழாயில் பாஸ்பேட் ஏற்றுவது இன்னொன்று. ஆனால் 4ஜி கூட இல்லாவிட்டால் எம்என்கே மெத்தனமாகத்தான் வேலை செய்யும், ஏறியதையும் ஏறாததையும் பிறகு பிரித்தாக வேண்டும். இரண்டையும் அவரிடம் விளக்கி, முதல் வழியில் போகலாம் என்று முடிவாகியிருக்கிறது. செயற்கைத் துண்டுக்குச் சொல்லியாயிற்று. நறுக்கிய புரதத்துக்கான பிளாஸ்மிட் வந்துவிட்டது. திங்கட்கிழமை வளர்ப்பு போடுகிறோம்.